மழைக்கு முன் போட்ட பலகைகள்

அந்தோனிதாசனுக்கு டென்மார்க்கில் கிடைத்த முதல் உருப்படியான வேலை தண்ணீரை அளப்பது. அது 1988 ஓகஸ்ட் மாதம். மன்னாரில் இருந்தபோதும் அவர் அதைத்தான் செய்தார். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் ஓவசியராக இருந்து, பத்து வருடம் கட்டுக்கரைக் குளத்தின் அளவுகோலைப் பார்த்து எழுதியவர். அதனால் ஹோர்சன்ஸ் நகர வேலைவாய்ப்பு அலுவலகத்தில், “உனக்கு என்ன தெரியும்?” என்று கேட்டபோது, தெரிந்த டேனிஷில் “தண்ணீர்” என்றார். கேட்ட பெண் சிரித்துவிட்டாள். ஆனாலும் எழுதிக்கொண்டாள். மூன்று வாரத்தில் கடிதம் வந்தது.

நாட்டுக்கு அப்போது தண்ணீர் அளக்க ஆள் தேவைப்பட்டது. இரண்டு வருடத்துக்கு முன், சிங்கி இறால்கள் கடலடியில் மூச்சுமுட்டிச் செத்துக் கிடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்து நாடே பதறியிருந்தது. வயலில் போடுகிற உரம் ஓடை வழியாகக் கடலுக்குப் போய், அங்கே உயிர் வாழ முடியாமல் செய்கிறது என்றார்கள் விஞ்ஞானிகள். பாராளுமன்றம் திட்டம் போட்டது. ஒவ்வொரு ஓடையிலும் எவ்வளவு தண்ணீர், அதில் எவ்வளவு உரம் என்று பார்த்து அறிக்கை எழுத வேண்டியிருந்தது. ஹோர்சன்ஸுக்கு மேற்கே, நாற்பது பண்ணைகளுக்கு நடுவே ஓடிக் குடாக்கடலில் விழும் ஒரு சின்ன ஓடைக்கும், அதைச் சுற்றிய நிலத்துக்கும் ஒரு பாதுகாப்பு வட்டாரம் இருந்தது. அதன் திட்ட அலுவலர் இங்கலீஸ் என்ற ஐம்பது வயதுப் பெண். அவளுக்குக் கீழே ஓடையைப் பார்த்துக்கொள்ள ஒரே ஓர் ஆள். அந்த ஆள்தான் இப்போது அந்தோனிதாசன்.

வியாழன்தோறும் சைக்கிளில் போவார். ஐந்து இடங்களில் அளவுகோல் நட்டிருந்தார்கள். மட்டத்தைப் பார்த்து எழுதி, போத்தல்களில் தண்ணீர் பிடித்து, வெள்ளி காலை அறிக்கையோடு இங்கலீஸின் மேசையில் வைப்பார். ஐம்பத்திரண்டு வாரத்து அறிக்கைகளையும் அடுக்கி வைத்துத்தான் அவள் அடுத்த வருடத் திட்டத்தை எழுதுவாள். எங்கே கரையைத் தொடக்கூடாது, எங்கே களை வெட்டவேண்டும், எந்த மரத்தை விடவேண்டும் எல்லாம் அந்தத் தாள்களில் இருந்துதான் வரும். “நீ எழுதாதது நடக்காதது, ஆன்டன்,” என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். அந்தோனிதாசன் என்ற பெயர் அவள் வாயில் அவ்வளவாகச் சுருங்கியிருந்தது. அவர் அவளை “மேடம்” என்பார். “என்னை இங்கலீஸ் எண்டு கூப்பிடு, இல்லாட்டி நான் திரும்பிப் பார்க்கமாட்டன்” என்பாள் அவள். பிறகு அவர் எந்தப் பெயரும் சொல்லாமல் தொண்டையைச் செருமிக் கூப்பிடப் பழகிக்கொண்டார்.

ஊரில் அவருக்கு மனைவி இருந்தாள். மேரிசெலின். ஆறு வயதில் ஒரு மகள், யூலியானா. 1987 சித்திரையில், அகதி என்று ஏற்றுக்கொண்ட கடிதம் கைக்கு வந்த வாரமே, அவர்களை அழைத்துக்கொள்ள விண்ணப்பித்தார். அகதியாக ஏற்கப்பட்டவனின் மனைவியும் சிறுபிள்ளைகளும் வந்து சேரலாம் என்று டென்மார்க்கின் சட்டப் புத்தகத்தில் எழுதியிருந்தது. அது சலுகை இல்லை, உரிமை. வேலை இருக்கிறதா, வீடு பெரிதா, ஆள் நல்லவனா என்றெல்லாம் அந்தச் சட்டம் கேட்கவில்லை.

ஆனால் மாதங்கள் போயின. தொலைபேசி எடுத்துக் கேட்டால் ஒரே பதில்: “வழமையான பரிசீலனையில் இருக்கிறது.” கடிதம் போட்டால் அதே வரி அச்சில் வந்தது.

நாம் இப்போது தெரிந்து வைத்திருப்பது அப்போது அவருக்குத் தெரியாது. கோபன்ஹேகனில், மேலிடத்திலிருந்து, தமிழர்களின் கோப்புகளை அடுக்கின் அடியில் வைக்கச் சொல்லியிருந்தார்கள். மேலே இருந்தவை முடிந்து அவற்றின் முறை வந்தால், திரும்ப அடியில் வைக்கவேண்டும். சட்டத்தை மாற்றப் பாராளுமன்றத்துக்குப் போகவேண்டும். அதற்குத் துணிச்சல் வேண்டும், காரணம் சொல்லவேண்டும். சட்டத்தை அப்படியே இருக்கவிட்டு, காகிதத்தை மட்டும் நகராமல் பிடித்து வைப்பதற்கு ஒரு வாய்வார்த்தை போதும். அந்த வாய்வார்த்தைக்கு மறுபக்கம், மன்னாரில் மடு அகதி முகாமில், கிடுகுக் கொட்டிலுக்குள் பெண்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். இந்தப் பக்கம் டென்மார்க்கில் இருந்த கணவன்மாரோ, ஒவ்வொருவரும் தனித்தனியே, தன் கோப்பில்தான் ஏதோ குறை என்று நம்பினார்கள். அநீதியிலேயே மிகக் கேவலமானது அதுதான்: அடிபட்டவனையே தன் உடம்பில் காரணம் தேட வைப்பது.

அந்தோனிதாசனும் தேடினார். ஆளே இல்லாத தெருவில் சிவப்பு விளக்குக்கு நின்றார். பட்டப்பகலில் சைக்கிள் விளக்கை ஏற்றிக்கொண்டு போனார். ஒரே அறையில் தங்கியிருந்த தேவராசா, மட்டக்களப்புக்காரன், இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்பவன், அதைப் பார்த்துப் பகிடி பண்ணுவான்.

“என்ன மச்சான், சூரியனுக்கு வெளிச்சம் பத்தாது எண்டா நீ டைனமோ போடுறாய்?”

“பொலிஸ் ஒரு தண்டத் துண்டு எழுதினாலும் அது கோப்புக்குப் போகும், தேவா.”

“கோப்பு எங்க கிடக்கு எண்டே தெரியாது. துண்டு எப்பிடிப் போய்ச் சேரும்?”

இப்படி நாட்கள் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தத் தவறு நடந்தது.

ஓடையின் நடுப்பகுதியில் பழைய தடுப்பணை ஒன்று இருந்தது. இரண்டு சீமெந்துத் தூண், நடுவே ஒன்றின்மேல் ஒன்றாகச் சொருகும் ஏழு பலகைகள். கோடையில் மாடுகளுக்குத் தண்ணீர் நிற்கட்டும் என்று மூன்று பலகை போட்டிருப்பார்கள். இலையுதிர்கால மழை தொடங்குமுன் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் மேலே உள்ள வயல்களிலிருந்து தண்ணீர் வடியாது. மழைக்கு முன் அணையைச் சரிபார்க்கவும் என்று வேலைப் பட்டியலில் ஒரு வரி இருந்தது. அதற்கு மேல் விளக்கம் இல்லை. டென்மார்க்கில் பிறந்த யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை.

மன்னாரில் பிறந்தவருக்கும் அதை விளங்கிக்கொள்ள யாரையும் கேட்க வேண்டியதில்லை. மாரி மழை வரப்போகிறது என்றால் என்ன செய்வது? குளத்து மதகை, துருசை, இறுக்கிப் பூட்டு. ஒரு சொட்டும் கடலுக்குப் போகக்கூடாது. வருடத்தில் மூன்று மாதம் விழுகிற தண்ணீரை வைத்துத்தான் மிச்ச மாதங்களுக்குச் சோறு. ஒக்டோபர் முதல் வாரம் வானம் கறுத்ததைப் பார்த்த அந்தோனிதாசன், கொட்டகையில் கிடந்த மிச்ச நான்கு பலகைகளையும் தோளில் சுமந்து வந்து, ஒவ்வொன்றாய்ச் சொருகி, இடுக்குகளில் களிமண் அப்பினார். இந்த நாட்டில் இவ்வளவு நல்ல தண்ணீரை வீணாக விடுகிறார்களே என்று மனத்துக்குள் கொஞ்சம் வருத்தப்பட்டார். ஏழு பலகையும் நின்றதைப் பார்த்தபோது, டென்மார்க்குக்கு வந்தபின் முதல் தடவையாக, ஒரு வேலையைத் தனக்குத் தெரிந்தபடி செய்த நிறைவு இருந்தது.

ஐந்து நாள் மழை. ஆறாம் நாள் வியாழக்கிழமை. அவர் சைக்கிளில் வந்து வளைவில் திரும்பியபோது, பிரெபன் என்ற விவசாயியின் புல்வெளி இருந்த இடத்தில் ஒரு குளம் இருந்தது. வேலிக்கம்பிகள் தண்ணீருக்குள் இறங்கி மறுபக்கம் ஏறின. வாத்துகள் வந்துவிட்டிருந்தன. பத்துப் பன்னிரண்டு பசுக்கன்றுகள் மேட்டில் நெருக்கிக்கொண்டு நின்றன. பிரெபன் முழங்கால்வரை இறப்பர் பூட்ஸோடு தண்ணீருக்குள் நின்று, எந்த அவசரமும் இல்லாமல் புகையிலைப் பைப் பற்றவைத்தான்.

“உன்னுடைய ஊரில மழையைச் சேர்த்து வைப்பீங்களோ?”

“ஓம்... யா,” என்றார் அந்தோனிதாசன்.

“நல்ல பழக்கம். இதையும் எடுத்துக்கொண்டு போ.”

இருவரும் சேர்ந்து பலகைகளை இழுத்தார்கள். அவர் அப்பிய களிமண் அவ்வளவு நன்றாகப் பிடித்திருந்தது. கடப்பாரை கொண்டு வரவேண்டியிருந்தது. பிரெபன் ஒரே ஒரு தடவைதான் பேசினான். “வேலை தெரிஞ்ச ஆள்தான்,” என்றான். இந்தப் பகுதி யூட்லாந்துக்காரர்கள் திட்டுகிறார்களா பாராட்டுகிறார்களா என்று கண்டுபிடிக்க அந்தோனிதாசனுக்கு இன்னும் தெரியவில்லை.

நாளை காலை அறிக்கை வைக்கவேண்டும். அறிக்கைத் தாளில் அசாதாரண நிகழ்வு என்று ஒரு கட்டம், அதன் கீழே காரணம் என்று இன்னொன்று. அறைக்கு வந்து தாளை மேசையில் விரித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அரச வேலையில் தவறு என்று எழுத்தில் வந்தால், அது எங்கே போகும்? கோப்புக்குத்தானே? பதினெட்டு மாதமாக நகராத கோப்பின்மேல், தன் கையாலேயே ஒரு கல்லை வைப்பதா? போன வாரம்தான் மேரிசெலின் எழுதியிருந்தாள். யூலியானாவுக்குக் காய்ச்சல் வந்து மாறியது, முகாமில் பள்ளிக்கூடம் நடக்கவில்லை, கொழும்புக்கு விசா விசாரிக்கப் போன மூன்றாவது தடவையும் வெறுங்கையோடு வந்தேன் என்று.

தேவராசா வேலையால் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே விஷயத்தைக் கேட்டான்.

“இதுக்கா மச்சான் மூஞ்சி இப்படிக் கிடக்கு? மரக்கொப்பு முறிஞ்சு வந்து அணையை அடைச்சுப் போட்டுது எண்டு எழுது. முடிஞ்சுது.”

“பிரெபனுக்குத் தெரியும். அவன் என்னோட நிண்டு பலகை இழுத்தவன்.”

“அவன் அறிக்கை வாசிக்கப் போறானா? காகிதம் பேசினாக் காகிதம்தான் கேக்கும். ஒனக்குப் பொஞ்சாதி பிள்ளை வேணுமா, நேர்மைப் பட்டம் வேணுமா?”

அந்தோனிதாசன் பேனையை எடுத்தார். மரக்கொப்பு என்று எழுதவும் தொடங்கினார். பாதியில் கை நின்றது. கொப்பு அடைத்தது என்றால் கரையில் உள்ள மரங்களை யார் பார்த்திருக்கவேண்டும்? நிலக்காரன். அதாவது பிரெபன். அடுத்த வருடத் திட்டத்தில் இங்கலீஸ் என்ன எழுதுவாள்? அந்தப் பக்கத்து மரங்களை வெட்டும்படி எழுதுவாள். மரநிழல் போனால் தண்ணீர் சூடாகும், மீன் போகும். தண்ணீருக்குள் நின்ற மனிதனே குற்றவாளியாவான். அவனுக்கு ஏன் என்று கடைசிவரை தெரியாது. யாரோ ஒருத்தன் தன் வசதிக்கு ஒரு பொய்க் காரணத்தைத் தாளில் எழுத, அந்தத் தாளின் மறுபக்கம் நிற்கிறவன் அனுபவிப்பான்.

அது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். பதினெட்டு மாதமாகத் தெரியும்.

தாளைக் கிழித்துப் புதுத்தாள் எடுத்தார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினார்: “காரணம்: நான். ஏழு பலகை போட்டேன். என் நாட்டில் மழைக்கு முன் அடைப்பார்கள். இங்கே திறக்க வேண்டும் என்று தெரியாது. கேட்கவில்லை. பிரெபனில் பிழை இல்லை. மரங்களில் பிழை இல்லை.”

தேவராசா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். “போச்சு,” என்றான். ஆனால் தேநீர் ஊற்றியபோது அவருக்கும் சேர்த்து ஊற்றினான்.

நவம்பரில் வட்டாரக் கூட்டம். பண்ணைக்காரர்கள், மீன்பிடிச் சங்கத்து ஆட்கள் எனப் பதின்மூன்று பேர் மரமேசையைச் சுற்றிக் கோப்பியோடு இருந்தார்கள். இங்கலீஸ் அறிக்கையை வரிக்கு வரி வாசித்தாள். “காரணம்: நான்” என்ற இடத்தில் யாரோ இருமினார்கள். அந்தோனிதாசன் மேசையின் மரவரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரெபன் பைப்பை வாயிலிருந்து எடுத்தான். “இந்த மேசையில இருபது வருஷமா இருக்கிறன். ‘காரணம் நான்’ எண்டு ஒருத்தன் எழுதி இண்டைக்குத்தான் கேக்கிறன். வழக்கமா மழைதான் காரணம்.”

சிரிப்பு எழுந்தது. சிலர் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சிரித்தார்கள்.

“இன்னொரு விஷயமும் இருக்கு,” என்றாள் இங்கலீஸ். அந்த ஐந்து நாளும் புல்வெளியில் நின்று வடிந்த தண்ணீரை ஆய்வுகூடத்தில் பார்த்திருந்தார்கள். மேலே இருந்ததைவிடக் கீழே உரச்சத்து குறைந்திருந்தது. நனைந்த புல்நிலம் அதைத் தின்றிருந்தது. “ஒரு மூலையையாவது மாரியில நனையவிடலாமோ எண்டு திட்டத்தில ஒரு கேள்வி எழுதப்போறன். ஆன்டன் தெரியாமல் செய்தது, நாங்கள் தெரிஞ்சும் செய்யாதது.”

“கீழ் மூலையில புல்லும் சரியில்லை,” என்றான் பிரெபன். “அது ஆன்டனின் குளமாக இருக்கட்டும்.”

கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்தபோது இங்கலீஸ் அவர் பக்கம் வந்தாள். “நான் வாசிக்கேக்க நீ ஏன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தனி? உன்னை நாங்கள் தின்னப்போறம் எண்டு நினைச்சியோ?”

அப்போதுதான் சொன்னார். மனைவி, மகள், விண்ணப்பம், கோப்பு. உடைந்த டேனிஷில், ஒழுங்கில்லாமல், கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டு. கதவுவரை போன பிரெபன் நின்றான். மற்றவர்களும் நின்றார்கள்.

“எத்தனை மாதம்?” என்றாள் இங்கலீஸ்.

“பத்தொன்பது.”

“நீ கேட்ட திகதிகள் இருக்கோ?”

சட்டைப்பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். குளத்து ஓவசியர் எதையும் திகதி இல்லாமல் விடமாட்டார். யாருக்குத் தொலைபேசி எடுத்தார், எத்தனை மணிக்கு, பேசியவர் பெயர் என்ன, என்ன சொன்னார் எல்லாம் வரிசையாக, நீர்மட்டம் எழுதுவது போலவே எழுதியிருந்தார். முப்பத்தொரு தடவை. பதில் என்ற இடத்தில் முப்பத்தொரு தடவையும் ஒரே வரி.

இங்கலீஸ் அதைப் பார்த்தாள். அவள் கழுத்து சிவந்தது. “முப்பத்தொரு தடவை பார்த்தும் ஒரு அங்குலமும் மாறாத தண்ணீர் எங்கேயும் இல்லை. யாரோ பலகை போட்டிருக்கினம்,” என்றாள். “நாங்கள் இதை எழுதுவம்.”

அன்றே உட்கார்ந்தார்கள். கோபன்ஹேகனுக்குக் கெஞ்சல் மனு எழுதவில்லை. வட்டார அறிக்கையின் அதே வடிவத்தில், திகதி, கேள்வி, பதில் என்று எழுதி, கடைசியில் காரணம் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டார்கள். அதன் கீழே இங்கலீஸ் ஒரு வரி சேர்த்தாள்: “இதை நிரப்ப வேண்டியவர்கள் நீங்கள்.” பதின்மூன்று பேரும் கையெழுத்திட்டார்கள். அந்தோனிதாசனைத் தவிர ஒரு தமிழனையும் கிட்ட இருந்து பார்த்திராத மனிதர்கள் அவர்களில் பாதிப்பேர். பிரெபன் கையெழுத்துக்குப் பக்கத்தில் “விவசாயி, நனைந்தவன்” என்று எழுதினான். பிரதிகள் அகதிகளுக்கான சட்டத்தரணிக்கும், பாராளுமன்றத்தின் முறைப்பாட்டு அதிகாரிக்கும், ஓகூஸில் ஒரு பத்திரிகைக்கும் போயின.

அந்தக் கடிதத்தால்தான் எல்லாம் நடந்தது என்று சொன்னால் அது பொய். அந்தோனிதாசனே அதை ஒத்துக்கொள்ளமாட்டார். அந்த மாரியில் கோல்டிங்கிலிருந்தும் ஓகூஸிலிருந்தும் தலைநகரிலிருந்தும் எத்தனையோ பேர் எழுதினார்கள், சட்டத்தரணிகள் விடவில்லை, பத்திரிகைக்காரர்கள் விடவில்லை. அடுத்த வருடத் தொடக்கத்தில் கோப்புகள் அசைந்தன. நாலு வருடம் கழித்து, 1993 தை மாதத்தில், விசாரணை அறிக்கை வெளிவந்து, நடந்தது சட்டவிரோதம் என்று தெளிவாகச் சொன்னபோது, அரசாங்கமே பதவி விலகிற்று. அன்று செய்தி கேட்ட மேரிசெலின் கைகொட்டவில்லை. மடுவில் தன் கொட்டிலுக்குப் பக்கத்தில், அதே கடிதத்துக்குக் காத்திருந்து, கடிதம் வருமுன் செத்துப்போன ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னாள். ஓர் அரசாங்கம் விழுந்தாலும் அந்தப் பெண் எழுந்து வரப்போவதில்லை. ஆனாலும் அதிகாரத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டு, காரணம் என்ற கட்டத்தை நிரப்பு என்று கேட்க முடிந்த நாடு அது. அந்த அளவுக்கு அதை மதிக்கலாம். அந்தோனிதாசன் மதித்தார்.

அது பிறகு நடந்தது. அனுமதிக் கடிதம் வந்தது 1989 பங்குனியில். வெள்ளிக்கிழமை, வழமைபோல் அறிக்கையோடு அதையும் இங்கலீஸின் மேசையில் வைத்தார். தொண்டையைச் செருமவில்லை.

“இங்கலீஸ்,” என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்து, கடிதத்தை வாசித்து, மூக்கை உறிஞ்சினாள். அவர் நன்றி சொல்லத் தொடங்கியதும் கையை உயர்த்தினாள். “இதுக்கு நன்றி சொல்லாதை. இது சட்டம். சட்டத்துக்கு ஆரும் நன்றி சொல்லுறதில்லை.”

“சட்டத்துக்குச் சொல்லேல்லை,” என்றார் அந்தோனிதாசன். “சட்டம் அப்பவும் இருந்தது. அப்ப நீங்கள் இருக்கேல்லை.”

அவள் கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். வேறு ஏதோ தாளைத் தேடுவது போலக் குனிந்தாள்.

யூன் மாதம். ஹோர்சன்ஸ் ரயில் நிலையத்தில் தேவராசா புதுச் சட்டையோடு நின்றான். அவனுடைய மனைவிக்கும் பத்து நாள் முன்னர்தான் அனுமதி வந்திருந்தது. “உன்ட ஆக்களைப் பாத்துப் பழகிக்கொள்ளுறன்” என்று கூடவே வந்திருந்தான். பிரெபன் தன் காரோடு வந்திருந்தான். அதன் பின் இருக்கையில் வைக்கோல் துண்டுகள் இருந்தன. இங்கலீஸ் வரவில்லை, “குடும்பத்தின் நேரத்தில் அலுவலகம் நிற்கக்கூடாது” என்று மறுத்துவிட்டு, ஒரு பிள்ளைச் சைக்கிளை மட்டும் பிரெபனிடம் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

ரயில் வந்தது. மேரிசெலின் ஒரு பையும், கையில் பிடித்த மகளுமாக இறங்கினாள். மெலிந்திருந்தாள். கோட்டு யாரோ கொடுத்தது, தோளில் தொங்கியது. அந்தோனிதாசன் ஐந்தடி தூரத்தில் நின்றுவிட்டார்.

“என்ன நிக்கிறியள்?” என்றாள் அவள். “நாங்கள்தான்.”

யூலியானா தாயின் கோட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தாள். அவள் மூன்று வயதில் கடைசியாகக் கண்ட மனிதருக்கு இந்த மீசையும் இல்லை, இந்த நரையும் இல்லை. நின்ற மூன்று ஆண்களையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். தேவராசாவைப் பார்த்தாள். பைப் பிடித்த உயரமான வெள்ளைக்காரனைப் பார்த்தாள். பிறகு, மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றவரைக் காட்டித் தாயின் கையை இழுத்து மெல்லக் கேட்டாள்:

“அம்மா, அழுகிறவரோ?”

“ஓம்,” என்றாள் மேரிசெலின். “அவர்தான்.”